எம். வேம்புலி

கிறிஸ்துதாஸ் பட்டாபிராம்காரன். அந்தப் பக்கத்தில் எந்தத் தெருவில் நின்று 'வேம்புலி' என்று கூப்பிட்டாலும் நாலு பேர் திரும்புவார்கள் என்பது அவனுக்குத் தெரியாததல்ல. தெரிந்தவன் செய்யும் தப்புதான் பெரிய தப்பு.

தொண்ணூற்றேழில் அம்பத்தூரில் அவன் வேலை பார்த்த தொழிற்சாலைக்கு ஒரு புது சாஃப்ட்வேர் வந்தது. ஆள் சேர்ந்தாலும் நின்றாலும் இங்கே பதிந்தால் போதும். மாலை ஐந்து மணிக்கு அந்தத் திருத்தம் மோடம் வழியாக ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டருக்குத் தானாகப் போய்விடும். தொழிலாளிகளின் குடும்பங்களுக்குக் கம்பெனி ஏற்பாடு செய்திருந்த தனியார் ஆஸ்பத்திரி அது. பட்டியலில் பேர் இருந்தால்தான் வைத்தியம்.

அதை அமைக்கும் பொறுப்பு கிறிஸ்துதாஸுக்கு. ஆஸ்பத்திரிப் பட்டியலில் ஆளுக்கு ஒன்றாகக் கம்பெனி கொடுத்த டோக்கன் நம்பர் இல்லை. ஏற்றுவதற்கு ஒரு வாரமாவது ஆகும். மேனேஜரோ திங்கட்கிழமையே ஓடவேண்டும் என்று கழுத்தைப் பிடித்தார். பேரும் இனிஷியலும் ஒத்துப்போனால் போதும் என்று அமைத்துவிட்டான். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு.

ஒரு வெள்ளிக்கிழமை, பெயிண்ட் பிரிவு எம். வேம்புலி வேலையை விட்டு நின்றார். மாலையில் மோடம் கீச்சிட்டு ஓய்ந்தது. ஆஸ்பத்திரிப் பட்டியலில் அழிந்ததோ வார்ப்படப் பிரிவில் இருந்த இன்னொரு எம். வேம்புலியின் குடும்பம்.

மறுநாள் அந்த வேம்புலி, காய்ச்சலில் துவண்ட மகள் நாகவல்லியைத் தோளில் போட்டுக்கொண்டு அயனம்பாக்கத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போனார். பேர் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். ஞாயிறு மதியம் பிள்ளை போய்விட்டாள். ஆறு வயது.

திங்கட்கிழமை சேதி கேட்ட கிறிஸ்துதாஸ் பட்டியலைப் பார்த்தான். வேம்புலி குடும்பத்தைத் திரும்ப ஏற்றி அனுப்பினான். செத்த பிள்ளையின் பேரும் சேர்ந்தே ஏறிவிட்டது.

பத்து நாள் கழித்து வேம்புலி ஒரு ஃபாரத்தோடு கம்ப்யூட்டர் அறை வாசலில் வந்து நின்றார்.

"பாப்பா பேரை எட்த்துடணுமாம் சார். ஆபீஸ்ல குட்த்து அனுப்ச்சாங்க."

கிறிஸ்துதாஸ் எழுந்து நின்றான். "அண்ணே, தப்பு என்னுது. ரெண்டு எம். வேம்புலி கீறாங்கன்னு நான் பாக்காம வுட்டுட்டேன். அதான் உங்க பேரு பூடுச்சி."

அடிப்பார் என்று நினைத்தான்; அடித்தால் தேவலை என்றும் இருந்தது. வேம்புலி தரையைப் பார்த்தபடி ஃபாரத்தை நீட்டினார்.

"அன்னிக்கி ஆஸ்பத்திரில நான் வேலைல தான் கீறேன்னு சொன்னேன் சார். நீ நின்னுட்டே, கம்ப்யூட்டர்ல வந்துகீதுன்னாங்க. நமக்குத் தெரியாம சீட்டைக் கிய்ச்சிட்டாங்க போலன்னு நானே நம்பிட்டேன். மேல ஒரு வார்த்தை பேசாம புள்ளைய தூக்கினு ஊட்டுக்கு வந்துட்டேன்."

என்ன சொல்லி என்ன, போன உயிர் வரவா போகிறது. கிறிஸ்துதாஸ் ஃபாரத்தை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தான். எழுத்துகள் கண்ணில் கலங்கின. நாகவல்லி, தகப்பன் பேர் எம். வேம்புலி. இரண்டு முறை சரிபார்த்துவிட்டு அழிக்கும் பட்டனில் விரலை வைத்தான்.

வேம்புலி ஓரடி முன்னால் வந்தார்.

"சார், இந்தத் தபா வேற யாரு கொயந்த பேரும் பூடாதுல்ல?"