இடது பக்கம் காலி

மாநிலம் விட்டு மாநிலம் வந்தால் கட்டிலும் பீரோவும் கூடவே வந்துவிடும். காலாவதியான லைசென்ஸ் மட்டும் தானாகப் புதுசாகிவிடாது. அதற்கு நாம்தான் நாயாய் அலைய வேண்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் புருஷனுக்கு டயாலிசிஸ் செய்து ரத்தத்தைச் சுத்தப்படுத்தியாக வேண்டும் என்பதால், அந்த வசதியுள்ள ஊராகப் பார்த்துக் குடிவந்தவள் அவள். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக ஓடிய ஓட்டத்தில் லைசென்ஸைப் புதுப்பிக்கும் கெடு தாண்டி ஒரு வருஷமும் ஓடிப்போய்விட்டது.

"கெடு முடிஞ்சாச்சு. இனி ஓட்டிக் காட்டினாத்தான் புதுப்பிச்சுத் தருவோம்" என்று ஆர்.டி.ஓ. ஆபீஸ் கவுண்டர்க்காரி கறாராகச் சொல்லிவிட்டாள். தேறாவிட்டால் அடுத்த தேதிக்கு ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். அதுவரை அவரை யார் ஏற்றிப்போவது? பஸ் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. மாடிப்படி இறங்கினாலே மூச்சு வாங்கும் மனுஷன்.

அவருக்கோ இந்த நிலையிலும் கிண்டல் குறையவில்லை. "டிரைவரம்மா, நீ ஓட்டாத ரோடா?" என்றார் பெஞ்சில் உட்கார்ந்தபடி.

"பேசாம இருங்க. என்னத்தான் கூப்பிடறாங்க."

வாழ்நாள் முழுக்க லாரி ஓட்டியவர் அவர். கிளீனர் இடது பக்கம் எட்டிப் பார்த்து, "காலி, போ" என்று குரல் கொடுத்தால்தான் வண்டியை நகர்த்துவார். உடம்பு படுத்த ஆரம்பித்ததும் பெண்டாட்டிக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்துவிட்டு, கிளீனர் வேலையைத் தானே எடுத்துக்கொண்டார். வலது பக்கம் அவள் பார்ப்பாள். இடது பக்கம் அவர் பொறுப்பு.

இன்றைக்கு அந்த இடது சீட்டில் இன்ஸ்பெக்டர் ஏறி உட்கார்ந்தார். சிரிப்பை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்த முகம்.

"அடுத்த முனையில ரைட்ல திரும்புங்க."

முனையில் நிறுத்தினாள். வலது பக்கம் யாரும் இல்லை. கிளட்ச்சில் காலை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். குரல் வரவில்லை. பின்னால் ஒருவன் ஹாரனை அமுக்கினான். இன்னும் காத்திருந்தாள்.

"என்னம்மா, யாருக்கு வெயிட் பண்றீங்க?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஐயோ, இத்தனை காலமும் முனைகளில் ஒரு தடவைகூட அவள் இடது பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை! இன்ஸ்பெக்டரின் மூக்கைத் தாண்டி எட்டிப் பார்த்தாள். பால் வேன் ஒன்று வந்துகொண்டிருந்தது. அதை விட்டுவிட்டு எடுத்தாள். அதற்கப்புறம் ஒவ்வொரு முனையிலும் கழுத்து சுளுக்கிக்கொள்ளும் அளவுக்குத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"ரொம்பத் தயங்கறீங்க" என்றார் இன்ஸ்பெக்டர், இறங்கும்போது. அவளுக்கு உயிரே போய்விட்டது. "ஆனா ரெண்டு பக்கமும் பாக்கறீங்க. பாஸ்."

செய்தி கேட்டதும் புருஷன் தானே தேறிவிட்ட மாதிரி பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். நேராக ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு முந்தின முனை. வலது பக்கம் வெறிச்சென்று கிடந்தது.

"காலி, போ."

கால் தன்னால் ஆக்ஸிலரேட்டரை அமுக்கப் பார்த்தது. காலையில் பட்ட பயம்தான் கழுத்தைத் திருப்பியது. தண்ணீர் லாரி! பிரேக்கை ஏறி மிதித்தாள். கார் குலுங்கி அணைந்தது. லாரி காரின் மூக்கை உரசாத குறையாகப் போனது.

"ஏன் நிறுத்திட்ட?" என்று அவள் பக்கம் திரும்பினார். கண் அவள்மேல் நிற்கவில்லை. கொஞ்சம் தள்ளி எங்கோ நின்றது.

"அவ்ளோ பெரிய லாரி வந்துச்சுங்க. உங்களுக்குத் தெரியலையா?"

அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

"எத்தன நாளா?"

"இங்க வர்றதுக்கு முன்னாலேருந்தே மங்கல்தான். இப்ப ரொம்ப மோசம்."

"அப்ப எத வச்சு காலின்னு சொன்னீங்க?"

"குத்துமதிப்பாத்தான்." குரல் இறங்கிவிட்டது. "நான் சொல்லலைன்னா நீ வண்டிய எடுக்க மாட்டியே. நீ எடுக்கலைன்னா என்ன யாரு கூட்டிட்டுப் போவா?"

"அடப்பாவி மனுஷா!" அவர் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். கோபமும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. "ரெண்டு பேரும் சேந்து போயிருப்போமே! இனிமே வாயத் தொறந்தீங்க, நடுரோட்டுல எறக்கி விட்டுருவேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வலது பக்கம் பார்த்தாள், இடது பக்கம் பார்த்தாள், காரை எடுத்தாள். அவர் வாயைத் திறக்கவில்லை. சீட் பெல்ட்டை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு, முதல் தடவை காரில் ஏறியவர் மாதிரி பயந்து பயந்து வந்தார்.