நீலந்தானே, கொழுந்து எடுங்க

1

இந்தக் கதை கொழும்பில் ஒரு கண்காட்சிச் சுவரில் தொங்கிய படத்திலிருந்து வந்தது. றக்வான மலைக்கு மேலே கூடும் இடிமேகத்துக்குள் பலூன் விட்டு, அதில் கட்டிய கருவி அனுப்பிய மின் அளவுகளுக்கு வண்ணம் பூசியிருந்தார்கள். மேலே சிவப்பு, நடுவில் அடர்நீலம். "கவிதை மாதிரி இருக்கு" என்றார் பக்கத்தில் நின்ற கவிஞர். அந்த மனிதர் பசித்தாலும் அப்படித்தான் சொல்வார். நானாவது சும்மா இருந்தேனா? வீட்டுக்கு வந்து எழுதினேன்:

மேகத்தின் நீல இதயத்துள் மின்னல் தன் மௌனத்தை...

தூ! [வெட்டிவிட்டேன். என் லட்சணம் உங்களுக்கும் தெரியட்டும் என்றுதான் விட்டுவைத்திருக்கிறேன்.]

2

படத்தைச் செய்தவள் துஷ்யந்தி. றக்வானத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, கம்பஸ் முடித்து, ஒரு பேராசிரியரிடம் வேலை பார்க்கிறாள். (வேலை நிரந்தரமில்லை. அதை ஞாபகப்படுத்துவதில் மட்டும் அந்தச் சேருக்குச் சோம்பலே கிடையாது.) பலூன் விடத் தோட்டம் இடம் கொடுத்ததற்குப் பதிலாக, மேகம் கூடும் பகல்களில் கங்காணி முத்துவீரனின் போனுக்கு ஒரு படம் போகும்.

ஒரு பகல் வந்த படத்தைக் கங்காணி பார்த்தார். "நீலந்தானே! வெறும் மழ. கொழுந்து எடுங்க!"

நீலம் என்றால் எதிர் மின்னேற்றம். மலையில் விழும் இடி பெரும்பாலும் அங்கிருந்துதான் இறங்கும். அன்றைக்குச் சவுக்கு மரத்தில் இறங்கியது. பக்கத்து நிரையில் நின்ற ஜெயம்மாவுக்கு இடது காது போய்விட்டது. ஜெயம்மா, துஷ்யந்தியின் சின்னம்மா.

3

"சேர், நீலத்த மாத்துவோமா? ஆக்கள் மழைன்னு நெனைக்கிறாங்க."

"நேர் சிவப்பு, எதிர் நீலம். உலகம் பூரா இப்படித்தான், துஷ்யந்தி."

உலகம் பூரா! உலகம் பூராவுமா கூடையை மாட்டிக்கொண்டு அந்தச் சரிவில் நிற்கிறது?

துஷ்யந்தி கங்காணியிடம் போனாள். "நீலந்தாங்க ஆபத்து. கண்டதும் ஆக்கள எறக்கிடுங்க."

"எறக்கலாம் புள்ள. தொர சொல்லணும். சொல்லாம எறக்கினா அவங்களுக்கு அரைப்பேரு, எனக்கு ஏச்சு."

(தொர: தோட்டத்து மனேஜர். அரைப்பேர்: அரைநாள் கூலி. இடிக்குப் பயந்தால் கிடைப்பது.)

"அப்போ தொரகிட்ட கேளுங்க."

"அவர் எங்க போன் எடுக்கிறாரு?"

கடைசியில் ஜெயம்மாதான் கத்திச் சொன்னாள். காது போனதிலிருந்து அவளுக்கு எல்லாமே கத்தல்தான். "அரைப்பேருன்னா அரைப்பேரு! படத்த வச்சு நா என்ன செய்ய? எறங்குன்னு எனக்கு அனுப்பு, எல்லாரையும் கூட்டிட்டு எறங்கிர்றேன்!"

சேரைக் கேட்காமல் கங்காணியைத் தவிர வேறு யாருக்கும் தகவல் போனால் வேலை போய்விடும். துஷ்யந்தி பஸ்ஸில் அழுதுகொண்டே போனாள்.

4

முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

அ. பேராசிரியர் மனம் திருந்துகிறார், நிறம் மாறுகிறது, எல்லோரும் கைதட்டுகிறார்கள். பரிசளிப்பு விழாவில் வாசிக்க நல்லது.

ஆ. ஜெயம்மாவைக் கொன்றுவிடலாம். நம்முடைய கதைகளில் தோட்டத்துப் பெண்ணுக்கு நிரந்தரமாகக் கிடைத்த ஒரே வேலை சாவதுதானே! நாங்கள் கொல்வோம், நீங்கள் அழுவீர்கள், பிறகு ஆளுக்கொரு தேத்தண்ணி. வெட்கங்கெட்ட வியாபாரம்.

இ. இன்று பகல். பலூன் மேகத்துக்குள் போய்விட்டது. துஷ்யந்தியின் திரை முழுக்க நீலம். ஜெயம்மா மேல் மலையில் கொழுந்து எடுக்கிறாள். துஷ்யந்தி போனில் "எறங்குங்க சின்னம்மா" என்று அடித்துவிட்டாள். இன்னும் அனுப்பவில்லை. சேர் பின்னால் நிற்கிறார்.

இந்த இடத்தில் அவளுடைய தயக்கத்தை ஒரு பக்கத்துக்கு வர்ணிக்க வேண்டும். அதில் நான் கெட்டிக்காரன், விமர்சகர்களே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் நான் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் அந்தப் பொம்பளை மேல் மலையிலேயே நிற்கிறாள். என்ன பிழைப்பு இது! மனம் பொறுக்கவில்லை. பேனாவை வைத்துவிட்டேன்.

நீங்கள் இன்னும் வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள்.