ஏழாவது பிளாட்பாரத்தின் மரபு

அந்தப் பழைய ரயில் நிலையத்தைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு கையேடு கொடுப்பார்கள். அதன் கடைசிப் பக்கத்தில் ஏழாவது பிளாட்பாரத்தின் மரபு என்று ஒரு பத்தி இருக்கும். வந்தவர்கள் எல்லோரும் வரிசையாக நின்று, புறப்படும் ரயிலுக்குக் கையசைத்து விடைகொடுக்க வேண்டுமாம். அப்படிச் செய்தால் வண்டியில் போகிறவர்களுக்குப் போன காரியம் கைகூடுமாம். நிலையம் கட்டிய நாளிலிருந்தே இது நடந்துவருகிறதாம். மரபாவது மண்ணாங்கட்டியாவது! அங்கே ஆட்களைச் சுற்றிக்காட்டும் கைடு அக்கா கிளப்பிவிட்ட கதை அது. அதையும் எதற்குக் கிளப்பினாள்? கொஞ்ச நேரம் உட்காருவதற்கு!

அவளுக்குக் குதிகால் வலி. காலையில் கட்டிலை விட்டு இறங்கும்போதே ஆணி இறங்குகிற மாதிரி இருக்கும். அந்தக் காலை வைத்துக்கொண்டுதான் பெரிய மண்டபம், மணிக்கூண்டுப் படி, பழைய காத்திருப்பு அறை என்று நாள் முழுக்கக் கூட்டம் கூட்டமாக ஆட்களை இழுத்துக்கொண்டு திரிய வேண்டும். கைடு எந்த இடத்திலும் உட்காரக் கூடாது என்பது மேலாளரின் சட்டம். சட்டம் போட்ட மனிதருக்குச் சுழல் நாற்காலி இருந்தது.

ஒருநாள் ஏழாவது பிளாட்பாரத்துக்கு வந்தபோது இனி ஓர் அடிகூட வைக்க முடியாது என்று ஆகிவிட்டது. "எல்லாரும் ரயிலைப் பார்த்து நின்னு கையசைங்க, இது இந்த ஸ்டேஷனோட வழக்கம்" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னாள். அத்தனை முதுகும் அவள் பக்கம் திரும்பியதும் பின்னாலிருந்த பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள். அப்பாடா! வந்தவர்களுக்கும் பரம திருப்தி. அடுத்த கூட்டம் கேள்விப்பட்டு வந்து, எங்களுக்குக் கிடையாதா என்று கேட்டது. இரண்டு வருஷத்தில் அது கையேட்டிலேயே ஏறிவிட்டது.

இந்தக் கூத்தை அவள் ஒரே ஓர் ஆளிடம்தான் சொல்லியிருந்தாள். அது அவள் மகள். கேட்டதும் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்போது வீட்டில் அவளுடைய அப்பா இருந்தார். மனிதர் கண்ணை மூடியபின் அம்மாவும் பெண்ணும் மட்டும்தான், சிரிப்பும் படிப்படியாகக் குறைந்துபோனது.

இப்போது மகள் நர்ஸ் படிப்பு முடித்து, வெகு தொலைவில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை வாங்கியிருந்தாள். இன்றைக்கு மத்தியானம் கிளம்புகிறாள். நேற்று சாயங்காலம் அவள் துணி மடித்துப் பெட்டியில் வைத்தபடி பேசிக்கொண்டே போனாள். கைடு அக்கா வெந்நீர் வாளிக்குள் காலை விட்டுக்கொண்டு 'ம்', 'ம்' என்று கொட்டிக்கொண்டிருந்தாள்.

மகள் திடீரென்று நிறுத்தினாள். "நான் இப்ப என்ன சொன்னேன்? சொல்லு பாப்போம்."

"ஏதோ... பெட்டி பூட்டறதப் பத்தி..."

"பெட்டியா? நல்லா இருக்கும்மா!" மகளுக்குக் குரல் உடைந்துவிட்டது. "போறவன் வர்றவன் கேட்டா வாய் வலிக்க வலிக்கப் பேசுவ. பெத்த பொண்ணுக்கு ஒரு 'ம்' போதும், இல்ல? நாளைக்கு நீ ஒண்ணும் வழியனுப்ப வர வேணாம். யாரோ எவரோன்னு நிக்கிற கூட்டத்தோட கூட்டமா எனக்குக் கையாட்ட வேணாம். நானே போய்க்குவேன்."

கைடு அக்காவுக்குச் சுருக்கென்றது. பெண் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லையே.

காலையில் மேலாளரிடம் லீவு கேட்டாள். "இன்னைக்கா? ரிடையர்டு டீச்சருங்க கூட்டம் வருதே! உங்களை விட்டா யாரு சமாளிப்பா?" என்று ஐஸ் வைத்தே ஆளை மடக்கிவிட்டார். சரி, சுற்று முடிவது ஏழாவது பிளாட்பாரத்தில், மகள் ஏறும் வண்டியும் அங்கிருந்துதான். கொஞ்சம் முன்னதாகக் கூட்டத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால் மகளை ஜன்னலோரம் பிடித்து, கோபித்துக்கொள்ளாதே என்று ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். கோபத்தோடு அனுப்பினால் தாங்காது. இருப்பது அந்த ஒரு ஜீவன்தான்.

ஆனால் வந்தவர்கள் யார்? ஆயுசு முழுக்கக் கேள்வி கேட்டே பிழைத்தவர்கள். மண்டபத்தில் கால் வைத்ததுமே, கையில் குடையோடு வந்த ஒரு முன்னாள் தலைமையாசிரியர் தூணைத் தட்டிப் பார்த்து ஆரம்பித்துவிட்டார்.

"இது எந்த ஊர்க் கல்லு மேடம்?"

"நல்ல கல்லு சார். வாங்க, போகலாம்."

மணிக்கூண்டுப் பக்கம் வந்ததும், "மேல ரிப்பேர் வேலை நடக்குது, இன்னைக்கு ஏற முடியாது" என்று கூசாமல் புளுகினாள்.

"கையேட்டுல அப்படி ஒண்ணும் போடலியே?" என்றார் குடைக்காரர்.

"கையேடு போன வருஷத்துது சார்."

காத்திருப்பு அறையைக் கதவுக்கு வெளியே நிற்கவைத்தே காட்டி முடித்தாள். அந்த நேரம் பார்த்து ஒரு டீச்சரம்மாவுக்குக் கழிப்பறை போக வேண்டியிருந்தது. ஒருவர் போனால் போதுமா? பின்னாலேயே பாதிக் கூட்டம் போனது. கைடு அக்கா கடிகாரத்தைப் பார்ப்பதும் கழிப்பறைக் கதவைப் பார்ப்பதுமாகத் தவித்தாள். போனவர்கள் முகம் கழுவி, பவுடர் பூசி, தலைவாரி, சாவகாசமாக வந்தார்கள். அவளுக்கு வந்த ஆத்திரத்துக்கு அத்தனை பேரையும் மூட்டை கட்டித் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு ஓடியிருப்பாள்.

ஏழாவது பிளாட்பாரத்தை அடைந்தபோது சிக்னல் விழுந்துவிட்டது. மூன்றாவது பெட்டியின் ஜன்னலோரத்தில் மகள். கிட்டே போகலாம் என்றால் டீச்சர்கள் சுற்றி வளைத்துக்கொண்டார்கள்.

"எங்க நிக்கணும் மேடம்?" "எந்தக் கையை ஆட்டணும்?" "கைக்குட்டை வெச்சுக்கலாமா?"

விசில் ஊதிவிட்டது. வேறு வழி தெரியாமல் அவர்கள் நடுவில் நின்றபடியே கையைத் தூக்கி ஆட்டினாள், தோள் கழன்றுவிழும்படி ஆட்டினாள். மகள் நிமிர்ந்து வரிசை முழுக்க ஒருமுறை பார்த்தாள். அம்மாவின் முகத்தில் கண் ஒரு நொடி நின்றது. பிறகு உதட்டைக் கோணிக்கொண்டு ஜன்னலை இழுத்து மூடிவிட்டாள்.

ஆமாம், எப்படி நம்புவாள்? அந்தக் கையசைப்பு வெறும் பொய் என்று உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் அவள்தானே! பொய்யாக ஆட்டினாலும் மெய்யாக ஆட்டினாலும் கை ஒரே மாதிரிதான் ஆடுகிறது. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டோம் என்று கைடு அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது.

வண்டி நகர்ந்தது. அவள் டீச்சர்களை இரண்டு கையாலும் விலக்கிக்கொண்டு ஓடினாள். குதிகால் உயிர் போகிற மாதிரி வலித்தது. போகட்டும் சனியன் என்று ஓடினாள். மூன்றாவது பெட்டி தாண்டிப் போய்விட்டது, நான்காவதின் கைப்பிடிதான் அகப்பட்டது. வாசலில் நின்றிருந்த யாரோ ஒரு புண்ணியவான் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார்.

"அட, கைடே ஏறிட்டாங்க! இதுவும் மரபுதான் போலிருக்கு!" என்று குடைக்காரர் கத்துவது காதில் விழுந்தது. டீச்சர்கள் இன்னும் பலமாகக் கையசைத்தார்கள். கழிப்பறை டீச்சரம்மா கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டாள்.

பெட்டி தாண்டி, இருக்கைகளைப் பிடித்துப் பிடித்து நொண்டி வந்து மகள் முன்னால் நின்றாள்.

"அம்மா! உனக்கென்ன பைத்தியமா? ஓடற வண்டியிலயா ஏறுவ?"

"ஆமாடி, பைத்தியம்தான். உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்." பக்கத்தில் சரிந்து உட்கார்ந்தாள். "இரு... மூச்சு வாங்கிக்கிறேன்."

சாய்ந்துகொள்ள முதுகுக்கு ஓர் இடம் கிடைத்தது. அவ்வளவுதான். சொல்ல வந்த வார்த்தையைத் தேடிக்கொண்டே கண்ணை மூடினாள். அப்படியே தூங்கிப்போனாள்.

விழித்தபோது ஜன்னல் திறந்திருந்தது, வெளியே வயலும் மின்கம்பமும் ஓடிக்கொண்டிருந்தன. ஷூ இரண்டும் இருக்கைக்குக் கீழே இருந்தன. அவளுடைய கால்கள் மகளின் மடியில் கிடந்தன, மகள் குதிகாலைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

கைடு அக்கா பதறி நிமிர்ந்தாள். "அடுத்த ஸ்டேஷன் வந்துச்சா?"

"வந்துச்சு. போயிடுச்சு."

"அடிப்பாவி! எழுப்பக் கூடாதா? நான் அங்க இறங்கிருப்பேனே!"

"எழுப்பத்தான் தோள்ல கை வெச்சேன்." மகள் தலையைத் தூக்கவில்லை. "மனசு வரல. பொணம் மாதிரி தூங்கற. இந்தக் கால் எப்பலேருந்து இப்படி வீங்கியிருக்கு? வலின்னுதானே சொன்ன, வீக்கத்தைப் பத்தி என்கிட்ட ஏன் சொல்லல?"

"செக்கர் வரலியா?"

"வந்தாரு. எங்கம்மா தூங்கறாங்க, சத்தம் போடாதீங்கன்னு சொன்னேன். மெதுவா டிக்கெட் எழுதிக் குடுத்துட்டுப் போனாரு. அடுத்து வண்டி நிக்க ரொம்ப நேரம் ஆகும். பேசாம சாஞ்சுக்கோ."

மேலாளர் இந்நேரம் தாம்தூம் என்று குதித்துக்கொண்டிருப்பார். நாளைக்கு வேலை இருக்குமோ, போகுமோ. குதிக்கட்டும், அவருக்குக் கால் நன்றாகத்தானே இருக்கிறது.

கோபித்துக்கொள்ளாதே என்று சொல்ல வாயெடுத்தாள். மகளின் கையைப் பார்த்தால் அங்கே கோபமே இல்லை. வேறு என்ன பேசுவது? தூண், மண்டபம், மணிக்கூண்டு பற்றியெல்லாம் மணிக்கணக்கில் பேசுவாள். இந்தப் பெண்ணிடம் பேச எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. ஊரே அவளிடம் கேள்வி கேட்கிறது, அவள் யாரையும் ஒன்றும் கேட்டதில்லை. அதை நினைத்தபோது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"அங்க உன்னை எந்த வார்டுல போடப்போறாங்க?" என்றாள்.

மகளின் கை அப்படியே நின்றது. அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். கண் நிறைந்து வழிந்தது.

"இதத்தாம்மா நேத்து அவ்வளவு நேரம் சொல்லிக்கிட்டிருந்தேன்."

கைடு அக்கா மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "காதுல விழலடி கண்ணு. ஒரு வார்த்தை விழல. இப்பச் சொல்லு, நான் முழிச்சிருக்கேன்."

மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.