இடது பின் டயரில் ஒரு குறையும் இல்லை

மாமாவுக்குப் பொய் சொல்ல வராது. அதனால்தான் தெரிந்த ஒரே பொய்யை எட்டு மாதம் மாற்றாமல் சொன்னார்.

"மாப்ளே, இடது பின் டயர்ல காத்து கம்மியா இருக்கிற மாதிரி இருக்கு. பாத்துட்டு வந்துடறேன்."

அவர் என் அக்காவின் கணவர். பேருந்து ஓட்டுநர், வயது ஐம்பத்தெட்டு. அதே வண்டியில் நான் நடத்துநர். வீட்டிலும் வேலையிலும் ஒரே ஆளின் அதட்டலைக் கேட்பது என் தலையெழுத்து. ஒரு நடைக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். பாதி வழியில் மார்க்கெட் நிறுத்தம். அங்கே வண்டியை ஓரங்கட்டி இறங்குவார். எல்லோரும் பார்க்கும்படி டயரை ஓர் உதை உதைப்பார். பிறகு நைசாகப் பின்னால் இருக்கும் பொதுக் கழிப்பறைக்குள் நுழைந்துவிடுவார். வெளியே வர எட்டு நிமிடம்கூட ஆகும்.

ராத்திரியில் நாலு தடவை எழுந்து போகிறார் என்று அக்கா சொல்லியிருந்தாள். "கதவு சத்தம்தான்டா கேக்குது. அதுக்கப்புறம் ஒண்ணும் கேக்கல" என்றாள். டாக்டரிடம் காட்டலாமே என்று நான் ஒருமுறை வாயைக் கொடுத்தேன். மாமாவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அவருடைய பயம் எனக்குத் தெரியும். டாக்டர் ஏதாவது எழுதிவைத்தால் ஸ்டியரிங்கைப் பிடுங்கிக்கொண்டு ஆபீஸ் நாற்காலியில் உட்கார வைத்துவிடுவார்கள் என்ற பயம். வெட்கம் அதைவிடப் பெரியது.

இந்த டயர் கதையை நம்பாதவன் நான் மட்டும்தான். பயணிகள் நம்பினார்கள். டெப்போவில் டயர் பிரிவைப் பார்க்கும் மெக்கானிக்கும் நம்பினார். எதற்கெடுத்தாலும் வெடிப்பதால் அவருக்கு வெடிகுண்டு என்று பெயர். மாமாவின் வயதுதான். மூன்று முறை அந்த டயரைக் கழற்றி மாட்டினார், தண்ணீர்த் தொட்டியில் முக்கிப் பார்த்தார். ஒரு குமிழிகூட வரவில்லை. இதற்கிடையே, தினமும் கோளாறான வண்டியை அனுப்புகிறார்கள், எங்கள் உயிருக்கு யார் பொறுப்பு என்று பயணிகள் நாற்பது பேர் கையெழுத்துப் போட்டு மேலிடத்துக்கு எழுதிவிட்டார்கள். மேனேஜர் வெடிகுண்டுக்கு மெமோ கொடுத்தார். திங்கட்கிழமை விசாரணை. பதில் சரியில்லை என்றால் சஸ்பெண்ட்.

"மாமா, பாவம் அந்த மனுஷன்" என்றேன்.

"தெரியும்டா" என்றார்.

கழிப்பறைக்குப் போகாமல் இருந்தால் பொய்யும் சொல்ல வேண்டாம் என்று மாமா ஒரு வழி கண்டுபிடித்தார். தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார். வந்தாலும் அடக்கினார். போதாததற்குச் சளி பிடித்திருந்தது. மருந்துக் கடையில் தானே கேட்டு வாங்கி மாத்திரை போட்டுக்கொண்டார். சனிக்கிழமை மத்தியானம் மார்க்கெட் நிறுத்தத்தில் ஓடினார். இருபது நிமிடம் கழித்து, வேர்த்து வழிய, அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"மாப்ளே, சொட்டுகூட வரல. முடியலடா."

அவர் கண் கலங்கி நான் பார்த்ததில்லை. பயணிகளைப் பின்னால் வந்த வண்டியில் ஏற்றிவிட்டு, மாமாவை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு அள்ளிக்கொண்டு போனேன்.

அங்கே இருந்தது டாக்டரம்மா. மாமா என்னை முறைத்தார், நானே போய் அவரை வேலைக்கு வைத்தது போல. டியூப் வைத்துச் சிறுநீரை வெளியேற்றியதும் மாமா விட்ட பெருமூச்சு வாசல்வரை கேட்டது.

"சிறுநீர்ப் பைக்குக் கீழ புராஸ்டேட்னு ஒரு சுரப்பி இருக்கு. வயசானா நிறைய ஆம்பளைங்களுக்கு அது பெருசாகி வழியை அடைக்கும்" என்றார் டாக்டரம்மா. "அடக்கி வைக்கறது தப்பு. சில சளி மாத்திரை சுத்தமா வழியை மூடிடும். கேக்காம போடாதீங்க. தண்ணியைப் பகல்ல குடிங்க, சாயங்காலத்துக்கு மேல குறைச்சுக்கோங்க. காபி எத்தனை?"

"ரெண்டு" என்றார் மாமா.

"ஏழு" என்றேன் நான்.

"பாதியாக்குங்க. தினம் நடங்க, தொப்பை குறையட்டும்."

ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் பார்த்தார்கள். பயப்படும்படி ஒன்றுமில்லை, இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், மாத்திரை போதும் என்றார்கள். டியூப் மட்டும் சில நாள் இருக்கட்டும் என்றார்கள்.

"வண்டி ஓட்டலாமாம்மா?" மாமா மெல்லக் கேட்டார்.

"இந்த மாத்திரையில ஆரம்பத்துல சில பேருக்குத் தலை சுத்தும். ஒரு வாரம் லீவு போடுங்க. அப்புறம் நான் பாத்துட்டுச் சொன்னதும் தாராளமா ஓட்டலாம்."

ஆக, மாமா திங்கட்கிழமை வீட்டில் படுத்திருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு, "டெப்போவுக்கு விடுடா" என்றார். கையில் ஒரு துணிப்பை.

மேனேஜர் அறையில் வெடிகுண்டு நின்றபடி வெடித்துக்கொண்டிருந்தார். "டயர்ல ஒண்ணுமே இல்லைங்க. இல்லாததை நான் எங்கிருந்து எடுத்துக் காட்டறது?"

மாமா நேராக உள்ளே போனார். "அவர் சொல்றது நெசம் சார். டயர்ல ஒரு குறையும் இல்லை. குறை எனக்குத்தான்." துணிப்பையை விரித்துக் காட்டினார். உள்ளே டியூபும் சிறுநீர் சேரும் பிளாஸ்டிக் பையும். "எனக்கு மூத்திரம் சரியா போகலை. சொல்ல வெக்கப்பட்டு எட்டு மாசமா டயர் மேல பழி போட்டேன். மெமோ எனக்குக் கொடுங்க."

குமாஸ்தாக்கள் இருவர் இருந்தார்கள். அவர்கள் எதிரிலேயே சொன்னார். இருபது வருடம் நான் கேலி செய்தே பழகிய மனுஷன் மேல் எனக்கு அன்றைக்குத்தான் முழு மரியாதை வந்தது.

மேனேஜர் மெமோவை நாலாகக் கிழித்தார். "டாக்டர் சர்டிபிகேட்டோட வாங்க, உங்க வண்டி உங்களுக்குத்தான்" என்றார்.

வெளியே வந்ததும் வெடிகுண்டு மாமாவை வழிமறித்தார். அடிதான் விழப்போகிறது என்று நான் நடுவில் புகுந்தேன்.

"யோவ், மூணு தடவை அந்த டயரைக் கழட்டினேன். இடுப்பே போச்சு" என்றார். பிறகு குரலை இறக்கினார். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நானே இதுக்கு அஞ்சு வருஷமா மாத்திரை போட்டுட்டிருக்கேன்."

மாமா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"அஞ்சு வருஷமா நீ ஏன்யா யார்கிட்டயும் சொல்லல?"

வெடிகுண்டிடமிருந்து சத்தமே வரவில்லை.