ஜன்னல் கம்பியில் மஞ்சள் துணி

அந்தத் துணியைக் கண்டுபிடித்தது நான் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். சுத்தப் பொய். கண்டுபிடித்தவன் என் தம்பி. சட்டைக்கு உள்ளே வைக்கும் லைனிங் துணியில் மிஞ்சிய மஞ்சள் துண்டை நான் வெட்டிக் கொடுத்தேன், ஓரம் அடித்தேன், அவ்வளவுதான். ஒரு தையல்காரிக்கு அதற்கு மேல் என்ன பெருமை வேண்டிக்கிடக்கிறது?

தம்பிக்குத் தசைகள் ஒவ்வொன்றாகக் கைவிடும் நோய். பள்ளிக்கூட வயதிலேயே சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டான். போகப்போகக் குரலும் மெலிந்தது. அவன் கத்தினால்கூட அடுத்த அறைக்குக் கேட்காது. ஆனால் உட்கார்ந்த இடத்திலிருந்தே வீடு முழுக்க உத்தரவு போடுவான். அதனால் எல்லோருக்கும் அவன் மந்திரி.

அம்மா போனதும் சொந்தக்காரர்களுக்கு அக்கறை பொத்துக்கொண்டு வந்தது. காப்பகத்தில் சேர்த்துவிடலாம் என்றார்கள்.

"அங்க எல்லாம் நேரத்துக்கு நடக்கும்பா," என்றார் பெரியப்பா.

"எனக்கு நேரத்துக்கு நடக்க வேணாம் பெரியப்பா. எனக்கு நடக்கவே வேணாம். கதவு வச்ச ஒரு ரூம் இருந்தா போதும்," என்றான் மந்திரி.

அவன் காப்பகத்தைப் பார்த்தவன். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கொஞ்ச காலம் அங்கே இருந்தான். வரிசையாகக் கட்டில். ஒரே நேரத்தில் விளக்கை அணைப்பார்கள். யாருக்கு எப்போது மூத்திரம் வர வேண்டும் என்பதையும் அங்கே ஆயாதான் முடிவு செய்வாள். மறுபடி அங்கே கொண்டுபோய் விட்டால் சோறு தண்ணி தொட மாட்டேன் என்று என்னிடம் சொல்லிவிட்டான். சொன்னால் செய்கிற ஆள்.

எங்கள் குடியிருப்பில் எதிர் பிளாக்கின் தரைத்தளத்தில் ஒரு அறை காலியாக இருந்தது. அதை அவனுக்குப் பிடித்துக் கொடுத்தேன். மூன்றாவது மாடியில் என் மிஷின் ஜன்னலோரம் இருக்கிறது. குனிந்தால் அவன் ஜன்னல் தெரியும். அப்போதுதான் அவன் அந்த யோசனையைச் சொன்னான். காலையில் எழுந்ததும் உள்பக்கத்துக் கம்பியில் மஞ்சள் துணியைக் கட்டுவான். சாயந்திரம் அவிழ்ப்பான். காலையில் துணி இல்லையென்றால் நான் சாவியை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். கம்பிக்கு வெளியே மூடிய கண்ணாடி. வேறு யாரும் வந்து அதைக் கட்டிவிட முடியாது. கட்டியிருந்தால் கட்டியது அவன் கைதான்.

அது என்னைவிட அவனுக்குத்தான் பெரிய நிம்மதி. நான் தினமும் போய்க் கதவைத் தட்டி "எழுந்துட்டியா, குளிச்சியா" என்று பிராணனை வாங்க வேண்டியதில்லை. காலை முழுக்க அவனுடையது. ஊராருக்கு விண்ணப்பம் டைப் அடித்துக் கொடுத்து நாலு காசும் பார்த்தான்.

பார்த்துப் பார்த்து மற்றவர்களும் கட்ட ஆரம்பித்தார்கள். காது கேட்காத தம்பதி சிவப்புத் துணி. வாசல் தாண்ட பயப்படும் பெண் ஒரு பழைய துப்பட்டா. கேட்காமலே எல்லோருக்கும் மணி சொல்லிக்கொண்டு திரியும் பிரம்மச்சாரி ஒருவர், நாங்கள் அவரைக் கடிகாரம் என்போம், அவர் தன் கிழிந்த பனியன். ஒவ்வொருவரையும் இன்னொருவர் பார்த்துக்கொள்வார், அவரிடம் ஒரு சாவி இருக்கும். இரண்டு பேரைச் சரியான நேரத்தில் தூக்கினோம். ஒருவருக்குச் சர்க்கரை இறங்கியிருந்தது. இன்னொருவர் குடித்துவிட்டுக் கிடந்தார்.

இதைக் கேள்விப்பட்டு நகராட்சியிலிருந்து திட்ட அதிகாரி வந்தாள். சின்னப் பெண்தான். நல்லவள், அதை மறைக்க மாட்டேன். மந்திரியின் அறையில் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டாள், கண் கலங்கினாள்.

"இதை ஊர் பூரா கொண்டு போனா, காப்பகத்துல இருக்கிறவங்கள்ல பாதிப் பேரைத் தனி ரூமுக்கு மாத்தலாம். சட்டமாவே கொண்டு வரலாம்," என்றாள்.

மந்திரியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அவனுக்குப் பழைய கட்டில் வரிசை ஞாபகம் வந்திருக்கும்.

ஊர் பூரா போக வேண்டுமென்றால் ஒரே மாதிரி இருக்க வேண்டுமாம். துணி போய் முத்திரை போட்ட பிளாஸ்டிக் கொடி வந்தது. எழுந்ததும் அவரவரே அதைச் சொருகக் கதவுக்கு வெளியே ஒரு குழாய். காலையில் களப்பணியாளர் வந்து போட்டோ எடுப்பார். போட்டோ பத்து மணிக்குள் போய்விட்டால் அலுவலகத்துத் திரையில் அந்த வீடு பச்சை, இல்லையென்றால் சிவப்பு. உறவுக்காரர் போனுக்கும் அதே போட்டோ வரும். சாவிகளையும் வாங்கிக்கொண்டார்கள். ஆளாளுக்கு அடுத்தவர் வீட்டுச் சாவி வைத்திருப்பது பாதுகாப்பில்லையாம்.

"கொடி உள்பக்கமா இருக்கணும் மேடம்," என்றேன். "வெளிய வச்சா போற வர்ற எவனும் சொருகலாம்."

"உள்ள இருந்தா கண்ணாடி மினுங்குது அக்கா, போட்டோ விழ மாட்டேங்குது. போட்டோ இல்லன்னா மேல யாரும் நம்ப மாட்டாங்க."

நான் சண்டைக்கு நின்றேன். என்னை அடக்கியவன் மந்திரிதான்.

"விடுக்கா. உன் பிடிவாதத்துல அங்க கிடக்கிறவன் அங்கயே கிடக்கணுமா?"

அதற்கு மேல் என்ன பேசுவது? என்னிடமிருந்த சாவியைக் கொடுத்துவிட்டேன்.

காப்பகத்திலிருந்து ஆட்கள் வெளியே வந்தார்கள் என்பது உண்மை. விழா வைத்தார்கள், மந்திரி படத்தைப் பெரிதாக அடித்து மேடையில் மாட்டினார்கள். அவனுக்கு ஒரே குஷி. ஆனால் எங்கள் குடியிருப்பில் ஒன்று நடந்தது. யாரும் யார் ஜன்னலையும் பார்ப்பதை விட்டார்கள். அதான் அரசாங்கம் பார்க்கிறதே! எங்கள் பகுதிக்கு வந்த களப்பணியாளரைக் கொடிப் பொண்ணு என்றார்கள். எந்நேரமும் ஓட்டம். அவளுக்கு ஒதுக்கிய வீடுகள் மாதாமாதம் கூடிக்கொண்டே போயின.

மந்திரி மட்டும் கம்பியில் மஞ்சள் துணி கட்டுவதை நிறுத்தவில்லை.

"கொடி அவங்களுக்கு, துணி உனக்கு," என்பான்.

என் மகளுக்குப் பிரசவ நேரம் வந்தது. அவள் இருப்பது பஸ்ஸில் பாதி நாள் தூரம். போக மனசே இல்லை. மந்திரி விரட்டினான்.

"போக்கா. எனக்குத்தான் சர்க்காரே காவல் நிக்குதே. பொறக்கிறது பொண்ணா இருந்தா என்னை மாதிரி அழகா இருக்கணும்னு சொல்லிட்டு வா."

போன மறுநாள் காலை போட்டோ வந்தது. கதவில் கொடி, பக்கத்திலேயே அவன் ஜன்னலின் மினுக்கத்துக்குள் மஞ்சள் முடிச்சு. சிரித்துக்கொண்டேன். அன்று மதியமே பேத்தி பிறந்தாள்.

அடுத்த நாள் காலையிலும் போட்டோ வந்தது. கொடி இருந்தது. கம்பியில் துணி இல்லை.

பெரிதாக்கிப் பார்த்தேன். வெறும் கம்பி. கீழே "உங்கள் உறவினர் இன்று நலம்" என்று எழுதியிருந்தது. மெசேஜ் அனுப்பினேன், பதில் இல்லை. குழந்தையை மகள் பக்கத்தில் கிடத்திவிட்டு ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு வந்து திட்டத்தின் உதவி எண்ணை அழைத்தேன்.

"அந்த வீடு பச்சையில இருக்குங்கம்மா," என்றது ஒரு பெண் குரல்.

"பச்சை கிடக்கட்டும். கதவைத் திறந்து பாக்கச் சொல்லுங்க."

"சிவப்பு வந்தாதாம்மா சாவி எடுக்க முடியும். இப்ப பச்சையில இருக்கு."

வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு கொடிப் பொண்ணை அழைத்தேன். மூச்சு வாங்கப் பேசினாள், நடந்துகொண்டே இருந்திருப்பாள்.

"கொடி இருக்கே அக்கா. போட்டோ வரலையா?"

"சொருகினது யாருடி?"

மறுபடி கேட்டேன்.

"நான்தான் அக்கா. அவருக்கு வாசப்படி தாண்டிக் குழாய் வரைக்கும் கை எட்டல. விழுந்துடப் போறார்னு நான்தான் தினமும் சொருகுவேன். கதவுகிட்ட வந்து உள்ள இருந்து ஒரு குரல் குடுப்பாரு."

"இன்னைக்குக் குடுத்தானா?"

"இன்னைக்கு... தூங்குறார்னு நினைச்சேன் அக்கா."

"திரும்பப் போய்க் கதவைத் தட்டு. இப்பவே போ."

"வேற தெருவுக்கு வந்துட்டேன் அக்கா. பத்து மணிக்குள்ள போட்டோ போகலன்னா எல்லாம் சிவப்பாயிடும். வேலை போயிடும் அக்கா."

அவள் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது. பொய் சொல்லியிருந்தால் பிடித்து உலுக்கியிருக்கலாம்.

கடிகாரத்தை அழைத்தேன். வீட்டில்தான் இருந்தார். பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"கொடி ஜம்முனு பறக்குதேம்மா. ஏன் பதறுற?"

"துணி இருக்கா பாருங்கண்ணே. மஞ்சத் துணி."

"துணி இல்ல. அதான் கொடி இருக்கே."

கெஞ்சினேன், கத்தினேன். இறங்கிப் போய்த் தட்டினார். தட்டுகிற சத்தம் போனில் எனக்கே கேட்டது. உள்ளிருந்து ஒன்றுமில்லை. உடையுங்கள் என்றேன். அரசாங்க முத்திரை போட்ட கதவாம், உடைத்தால் கேஸாகிவிடுமாம். மனுஷனுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. மணி எத்தனை என்று மட்டும் என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

திட்ட அதிகாரி ஏதோ கூட்டத்தில் இருந்தாள். போனை எடுக்கவில்லை. நான் பஸ் ஏறி உட்கார்ந்து மறுபடி மறுபடி அழைத்தேன். மதியம் தாண்டித்தான் எடுத்தாள். அதன் பிறகு அவள் ஒரு விதியையும் பார்க்கவில்லை. ஓடிப்போய் ஆளை வைத்துக் கதவை உடைத்தாள்.

கட்டிலுக்கும் குளியலறைக்கும் நடுவில் கிடந்தானாம். நாற்காலி மேலே கவிழ்ந்து நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தது. விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் விழுந்திருக்கிறான். உயிர் இருந்தது. நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது இல்லை. காலையிலேயே கொண்டு வந்திருந்தால் பிழைத்திருப்பான் என்றார் டாக்டர்.

காரியமெல்லாம் முடிந்து அதிகாரி வீட்டுக்கு வந்தாள். ஆம்புலன்ஸில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு போனவள் அவள்தான். அவனுக்கு நினைவு இருந்ததாம். உதட்டருகே காதை வைத்துக் கேட்டாளாம்.

"சொல்லலாமா வேணாமான்னு தெரியல அக்கா. காலைல அந்தப் பொண்ணு வந்தது கேட்டுச்சாம். கூப்பிட்டுப் பாத்தாராம். கொடியைச் சொருகின சத்தமும் கேட்டுச்சாம்."

சொல்லாமல் இருந்திருக்கலாம். இன்றைக்கும் கத்தரிக்கோலைக் கீழே வைக்கிற சத்தத்தில் எனக்கு அந்தக் குழாய் ஞாபகம் வருகிறது.

"இனியாவது உள்பக்கமா மாத்துங்க," என்றேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "எழுதிக் குடுத்தேன் அக்கா. கொடி இருந்திருக்கு, போட்டோ நேரத்துக்கு வந்திருக்கு, திட்டத்துல குறையில்லன்னு முடிச்சிட்டாங்க. ஊர் பூரா குழாய் அடிச்சாச்சாம், இனி மாத்த முடியாதாம். அடுத்து நாடு பூராவும் போகுது. அந்தப் பொண்ணைத்தான் வேலைய விட்டு எடுத்துட்டாங்க."

அழுதாள். அவளை அணைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை, வெளியே போ என்று சொல்லவும் வாய் வரவில்லை. தண்ணீர் கொடுத்தேன்.

அறை அதிக நாள் பூட்டிக் கிடக்கவில்லை. காப்பகத்திலிருந்து ஒருவனை அங்கே குடியமர்த்தினார்கள். இடுப்புக்குக் கீழே அசைவில்லாத இளைஞன். பார்க்கப் போனேன். கதவைச் சாத்துகிறான், திறக்கிறான், மறுபடி சாத்துகிறான். தன் கையால் சாத்தக்கூடிய கதவை அவன் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. மந்திரி இருந்திருந்தால் விசில் அடித்திருப்பான் என்று நினைத்தேன்.

மஞ்சள் துணியை எடுத்து நீட்டினேன்.

"தம்பி, காலைல எழுந்ததும் இதை உள்ள கம்பில கட்டு. நான் மேல இருந்து பாத்துட்டிருப்பேன்."

"எதுக்குக்கா? அதான் கொடி இருக்கே," என்றான்.

நடந்ததைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். இந்த அறையில்தான் என் தம்பி கிடந்தான் என்று சொன்னால் இவன் எங்கே தூங்குவான்? பயந்துபோய்க் காப்பகத்துக்கே திரும்புகிறேன் என்றால்? அவன் கதவையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். சொல்லவில்லை.

"சும்மா, எனக்காகக் கட்டு," என்றேன்.

"சரிக்கா," என்று வாங்கிக்கொண்டான். நான் படியேறும்போது திரும்பிப் பார்த்தேன். வரும் வழியில் சக்கரத்தில் ஒட்டிய சேற்றை அந்தத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை மிஷினில் உட்கார்ந்து கீழே பார்த்தேன். யாரோ புது ஆள் வந்து, கொடியைச் சொருகி, போட்டோ எடுத்துக்கொண்டு ஓட்டமாகப் போனார். கொடி நன்றாகப் பறந்தது. கம்பி வெறுமையாக இருந்தது. தூங்குகிறானாக இருக்கும். துணியை மறந்திருப்பான். பாதி தைத்த சட்டையை அப்படியே விட்டுவிட்டு நான் படியிறங்க ஆரம்பித்தேன்.