பச்சை விளக்கு அணையவில்லை

சின்மயி செய்த தப்பு சின்னதுதான். ஐந்து மணிக்குள் அறிக்கை போய்ச் சேர வேண்டுமே என்ற பதற்றத்தில், கம்ப்யூட்டரின் ப்ராசஸரை அதன் அளவுக்கு மேல் முடுக்கிவிட்டாள். ரீஸ்டார்ட் செய்தபோது காற்றாடி சுழன்றது. திரை கறுப்பாகவே இருந்தது.

விண்கல் தேடும் தன்னார்வலராக அவள் வாங்கியிருந்த நான்கு வானப் படங்கள் உள்ளே இருந்தன. நான்கிலும் ஒரு மங்கலான புள்ளி, ஒவ்வொன்றிலும் சற்றுத் தள்ளி. யாரும் இதுவரை பதியாத விண்கல்லாக இருக்கலாம். ஐந்து மணி தாண்டினால் அந்தப் படங்கள் வேறு தன்னார்வலர்களுக்குப் போய்விடும்.

கல்லூரியில் அவளோடு இயற்பியல் படித்த கீழ் வீட்டு டெபோரா, கூப்பிட்டதும் ஸ்க்ரூ டிரைவரோடு இரண்டிரண்டு படியாகத் தாவி வந்தாள்.

"எதுக்குடி அதைப் போய் நோண்டின? நல்லாத்தானே ஓடிட்டிருந்துச்சு?"

"இன்னும் கொஞ்சம் வேகமா ஓடட்டுமேன்னு..."

"ஓடிடுச்சு, நம்ம பீர்க்கன்கரணையத் தாண்டி! சரி, போன்ல அனுப்பேன்."

"அளந்ததெல்லாம் உள்ளதான் இருக்கு."

மணி நாலேகால். சின்மயி சுவரில் சுவிட்சை அணைத்தாள். கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றி, உள்ளே சர்க்யூட் பலகையிலிருந்த காசு அளவு பேட்டரியை நகத்தால் நெம்பி எடுத்தாள். அது இல்லாமல் ஐந்து நிமிடம் கிடந்தால் கம்ப்யூட்டர் புது அமைப்புகளை மறந்து, பழைய வேகத்துக்குத் திரும்பிவிடும். ஐந்து நிமிடமும் டெபோரா வாட்ச்சையே பார்த்தாள். பேட்டரியைப் போட்டு ஆன் செய்தார்கள்.

கறுப்பு.

"செத்துப்போச்சா?" டெபோராவின் குரல் இறங்கிவிட்டது.

சின்மயி மறுபடி சுவிட்சை அணைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். பலகையின் ஓரத்தில் கடுகளவு பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"டெபி, கரண்ட் போகவே இல்லடி! அதான் அது எதையும் மறக்கல!"

"சுவிட்ச் ஆஃப்லதானே இருக்கு?"

"யூபிஎஸ்!"

மேசைக்கு அடியில் யூபிஎஸ் விசுவாசமாக மின்சாரம் கொடுத்துக்கொண்டிருந்தது. கரண்ட் போனால் அது கீச்சிடும். மதியத் தூக்கம் கெடுகிறதென்று அப்பா வைத்தீஸ்வரன் போன மாதம்தான் அதன் வாயில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார்.

"உங்க அப்பாவுக்கு ஒரு பெரிய கும்பிடு," என்றாள் டெபோரா.

சின்மயி ஒயரையே உருவினாள். மிச்ச மின்சாரமும் வடியட்டும் என்று பவர் பட்டனை அழுத்திப் பிடித்தாள். பச்சை மங்கியது, அணைந்தது. மறுபடி பேட்டரியைக் கழற்றினாள். மறுபடி ஐந்து நிமிடம். பிறகு பேட்டரியைப் போட்டு, ஒயரைச் செருகி ஆன் செய்தாள்.

திரை வெளுத்தது. டெபோரா நாற்காலியில் ஏறி நின்று கத்தினாள்.

மணி நாலு ஐம்பது. அறிக்கைத் தளத்தைத் திறந்தால், 'பாதுகாப்பற்ற இணைப்பு' என்று மறுத்தது.

"இப்ப என்னவாம் இதுக்கு?"

சின்மயி திரையின் மூலையைப் பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டாள். ஜனவரி ஒன்று, 2018. பேட்டரியைக் கழற்றியதில் கம்ப்யூட்டர் தேதியையும் மறந்திருந்தது. சரிசெய்தாள். தளம் திறந்தது. எண்களை ஒருமுறை ஒப்பிட்டாள். அனுப்பினாள்.

'கிடைத்தது. 16:57.'

"காட்டுடி, எதுக்கு இவ்வளவு கலாட்டான்னு பாக்கறேன்."

சின்மயி பெரிதாக்கினாள்.

"இதுவா? தூசி மாதிரி இருக்கு!"

"தூசியா? இரு." யாரிடமும் இவ்வளவு சத்தமாக அவள் பேசியதில்லை. நான்கு படங்களையும் மடமடவென்று மாற்றினாள்.

நட்சத்திரங்கள் அசையாமல் நின்றன. புள்ளி மட்டும் நடந்தது.

டெபோரா திரையருகே குனிந்தாள். "திரும்பக் காட்டு," என்றாள்.