கண்ணாடிக்காரர் வீட்டு ஜன்னல்

கண்ணாடிக்காரருக்குக் கை சும்மா இருந்தாலும் வாய் சும்மா இருக்காது. அந்த வாய்தான் அவரைக் கொண்டுபோய் நடுத்தெருவில் நிறுத்தியது.

போர் விமானங்கள் அந்த ஊருக்கு மேலே பறக்க ஆரம்பித்து நாலு மாசம் ஆகிறது. நம்முடையதா, பக்கத்து நாட்டுடையதா, ஒருத்தருக்கும் தெரியாது. குண்டு போட்டதில்லை. போடமாட்டான் என்று சத்தியம் பண்ணவும் ஆளில்லை. கூரையை உரசுகிற மாதிரி வரும், காதை அடைக்கும், போய்விடும். போனபிறகு யார் வீட்டிலாவது ஒரு ஜன்னல் சில்லு சில்லாகக் கிடக்கும். உடனே கண்ணாடிக்காரருக்கு ஆள் போகும், அவரும் அளவு டேப்பைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். ஊர் வயிறெரிய இது போதாதா?

போதாததற்கு அவருடைய அந்தப் பழக்கம் வேறு. விமானச் சத்தம் கேட்பதற்கு முன்னாலேயே மனுஷன் எழுந்துபோய், கடையில் சாய்த்து வைத்திருக்கும் கண்ணாடி அடுக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார். நிதானமாக இருபது எண்ணினால் விமானம் தலைக்கு மேலே இருக்கும். இதை முதலில் கவனித்தது எதிர்க்கடைத் தையல்காரம்மா.

"உங்களுக்கு மட்டும் எப்படிங்க முன்னாடியே தெரியுது?"

"அடுக்கு லேசா நடுங்கும்மா. முப்பது வருஷமா கண்ணாடி பிடிச்ச கை, அதுக்குத் தெரிஞ்சிடும்."

தையல்காரம்மா அடுத்த தடவை தானும் கை வைத்துப் பார்த்தாள். சத்தம் வந்து காது அடைத்த பிறகுதான் அவள் கைக்கு நடுக்கம் தெரிந்தது. "கதை நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க ஒரே பேச்சு. யாரோ அவருக்குத் தகவல் அனுப்புகிறார்களாம். அதனால்தான் எல்லார் வீட்டு ஜன்னலும் போயும் அவர் வீட்டு ஜன்னல் கல்லு மாதிரி நிற்கிறதாம். அவர் தன் வீட்டு ஜன்னல் சட்டங்களுக்கு உள்ளே ரப்பர் பட்டை கொடுத்திருந்தார், அவ்வளவுதான் விஷயம். நீங்களும் போட்டுக்கொள்ளுங்கள் என்று வீடு வீடாகத் தொண்டை வற்றச் சொன்னவரும் அவர்தான். அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கும்?

தெருச் சங்கத்துக்குத் தலைவர் மருந்துக்கடைக்காரர். அவருக்குக் கண்ணாடிக்காரர் மேல் ஏற்கெனவே ஒரு கடுப்பு. போன மாசம் மருந்துக்கடைக்காரர் வீட்டுப் படுக்கையறை ஜன்னல் உடைந்தது. விமானம்தான் உடைத்தது என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார். கண்ணாடிக்காரர் குனிந்து பார்த்தார். "பிளேன் உடைச்சா சில்லு வீட்டுக்குள்ள விழும். இது வெளிய விழுந்திருக்கே சார், உள்ளேருந்துதான் ஏதோ பறந்து வந்திருக்கு" என்று நாலு பேர் நடுவில் சொல்லித் தொலைத்தார். பறந்து வந்தது மேஜைக் கடிகாரம், எறிந்தது அவர் வீட்டம்மா. நாலு பேரும் சிரித்தார்கள். மருந்துக்கடைக்காரர் சிரிக்கவில்லை.

வருகிற சனிக்கிழமை சங்கக் கூட்டம். அதில் உளவாளி என்று கண்ணாடிக்காரர் பெயரை எழுதி ராணுவ முகாமில் கொடுக்கப்போகிறார்கள் என்று அவர் காதில் விழுந்தது. மொட்டைமாடியில் நின்று அடிக்கடி வானத்தைப் பார்க்கிறார் என்று முன்பு தபால்காரர் பெயரை இப்படித்தான் எழுதிக் கொடுத்தார்கள். ஜீப் வந்து ஏற்றிக்கொண்டு போனது. இரண்டு மாசமாகிறது, ஆள் திரும்பவில்லை. அந்த மனுஷன் பெண்டாட்டி இன்னும் தினம் முகாம் வாசலில் போய் நின்றுவிட்டு வருகிறாள்.

யோசித்து யோசித்துக் கண்ணாடிக்காரர் ஒரு முடிவுக்கு வந்தார். தன் வீட்டு ஜன்னலும் உடைய வேண்டும். உடைந்தால் தானும் அவர்களில் ஒருத்தன்.

வெள்ளிக்கிழமை கடை திறக்கவில்லை. கூடத்தில் ஒரு கண்ணாடித் தகட்டை நாற்காலியில் சாய்த்து வைத்து, அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க, கடைக்குப் போகலையா?" என்றாள் மனைவி, காய் நறுக்கிக்கொண்டே.

"இடுப்பு பிடிச்சிருக்கு."

பதினொரு மணி வாக்கில் தகடு லேசாக நடுங்கியது. எழுந்தார், சுத்தியலை எடுத்தார், திரையை ஒதுக்கினார். தன் கையால் போட்ட கண்ணாடி என்பதால் கை கூசியது. சத்தம் தலைக்கு மேலே வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு போடு போட்டார்.

தெரு கூடிவிட்டது. "அய்யோ பாவம், இவர் வீடும் தப்பலையே" என்றாள் தையல்காரம்மா. கண்ணாடிக்காரருக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

கூட்டத்துக்குப் பின்னால் செருப்புக்கடியில் எதுவோ நொறுங்கும் சத்தம். மருந்துக்கடைக்காரர் தெருவிலிருந்து ஒரு சில்லைப் பொறுக்கினார்.

"எல்லாம் தெருவுல கிடக்கே. உள்ள ஏதாவது விழுந்துச்சா?" என்றார். பிறகு நிதானமாக, "நீங்க சொல்லிக்கொடுத்த பாடம்தான்" என்றார்.

கண்ணாடிக்காரர் தெருவில் கிடந்த சில்லுகளைக் குனிந்து பார்த்தார். முப்பது வருஷத் தொழில், இதை மறந்து தொலைத்தாரே.

மனைவி அவரைத் தள்ளிவிட்டு ஜன்னலுக்கு வந்தாள். "நான்தான் உடைச்சேன். இந்த மனுஷனோட ஒரு நாள் குடும்பம் நடத்திப் பாருங்க, நீங்களும் சுத்தியலைத் தூக்குவீங்க. ஏன், உங்க வீட்டுல கடிகாரம் பறக்கலையா?"

தெரு விழுந்து விழுந்து சிரித்தது. "பெண்டாட்டிகிட்ட அடி வாங்குறவரை எவன் உளவு பாக்க வைப்பான்?" என்றாள் தையல்காரம்மா. மருந்துக்கடைக்காரர் சில்லைக் கீழே போட்டார். "புருஷன் பெண்டாட்டி சண்டையைக் கூட்டத்துல பேச முடியாது" என்று முனகிக்கொண்டே நடையைக் கட்டினார். பெயர் தப்பித்தது.

கண்ணாடிக்காரர் கண் கலங்கி உட்கார்ந்திருந்தார். "என்னைக் காப்பாத்திட்டே."

அவள் பெருக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "நீங்க சுத்தியலை எடுத்தப்ப பிளேன் சத்தமே வரலைங்க. நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

அவர் தகட்டைக் கொண்டுவந்து அவள் கையைப் பிடித்து அதன்மேல் வைத்தார். நடுக்கத்தைப் பற்றி எல்லாம் சொன்னார். கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"இப்ப பிளேன் வரலையேம்மா."

"ம்" என்று கையை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

நாலு மணிக்கு இருவரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் கை வைத்திருந்த கண்ணாடி மேஜை லேசாக நடுங்கியது. அவளுடைய கண்ணாடி டம்ளர் மேஜை விளிம்பில் இருந்தது. மற்ற நாளாக இருந்தால் இந்நேரம் அதைப் பிடித்திருப்பார். அவளும் தெருவைப் போல நினைத்துவிடக் கூடாதே என்று இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மனதுக்குள் இருபது எண்ணினார்.

சத்தம் வந்தது. டம்ளர் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து கீழே விழுந்து உடைந்தது. அவள் டம்ளரைப் பார்க்கவில்லை. சத்தம் வருவதற்கு முன்பிருந்தே அவர் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.